பட்டாசு லேபிளும் பாட்டாளியின் பெயரும்

தீபாவளி நெருங்கிவிட்டால் தோட்டத்து மக்கள் நம்மிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. முன்பணம் எப்போது கிடைக்கும்? லீவு நாளுக்குச் சம்பளம் உண்டா? இந்த முறை ஒரு பெரியவர் மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, வீட்டுல பழைய பட்டாசு லேபிள் கொஞ்சம் கிடக்கு. ஒருத்தர் டவுன்ல இருந்து வந்து வெலைக்குக் கேக்குறார். குடுக்கலாமா, வேண்டாமா?"

சங்கத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நமக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் வீட்டுக்குப் போய் அந்த பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த டின்னைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

பெரியவர் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். கித்தா போய்ச் செம்பனை வந்த பிறகும் அதே லயத்தில் இருக்கிறார். டின்னுக்குள்ளே நாற்பது ஐம்பது லேபிள்கள் இருந்தன. பட்டாசுக் கட்டின் மேல் ஒட்டிவரும் படக் காகிதம்தான். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, டிராகன், புலி, பாய்மரக் கப்பல், சீன எழுத்து, அதற்குக் கீழே பொடி ஆங்கில எழுத்து. பிள்ளைகள் பட்டாசைப் பிரித்துத் தூக்கிப்போட்ட காகிதத்தை அவர் எடுத்து நீவி வைத்திருக்கிறார். "படம் நல்லா இருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல" என்றார். அவ்வளவுதான் காரணம்.

அந்தக் காகிதங்களைக் கையில் எடுத்ததும் நமக்கும் தோட்டப் பள்ளிக்கூடத்துக் காலம் திரும்பி வந்தது. நம் வயது வாசகர்களுக்கும் அந்த ஞாபகம் இருக்கும். தவுக்கே கடையில் பற்றுக் கணக்கில் அப்பா ஒரு கட்டுப் பட்டாசு வாங்கி வருவார். அதைச் சரமாகக் கொளுத்திவிட்டால் அரை நிமிடத்தில் தீபாவளி முடிந்துவிடுமே! அதனால் திரியைப் பிரித்து, ஒவ்வொரு வெடியாகக் கழற்றி, அண்ணன் தம்பிக்கு எண்ணிப் பங்கு வைப்போம். கொசுவத்திதான் நெருப்பு. காலிப் பால் டின்னைக் கவிழ்த்து, அதற்கடியில் ஒரு வெடியை வைத்துவிட்டு ஓடுவோம். டின் கூரை உயரத்துக்குப் போகும். மறுநாள் விடியற்காலையில் லயத்து வாசலில் சிவப்புக் காகிதக் குப்பையைக் கிளறி, வெடிக்காத வெடி பொறுக்குவோம். அதை முறித்து மருந்தைப் பற்றவைத்தால் 'புஸ்'ஸென்று எரியும். கையில் சுட்டுக்கொண்டு அம்மாவிடம் அடியும் வாங்குவோம்.

வெடி வாங்கக் காசில்லாத மாதங்களில் கித்தாக்காய் இருந்தது. வெயில் ஏறினால் மரத்திலேயே அது 'டப்'பென்று வெடித்துக் கொட்டை தெறிக்கும். அதையும் தீபாவளி என்றே வைத்துக்கொண்டோம்.

பழையதை நினைப்பது சுகம். ஆனால் நாம் சொல்ல வந்தது அது மட்டும் அல்ல.

பட்டாசு லேபிள் சேர்ப்பது உலகத்தில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. அமெரிக்காவில் இதற்கென்றே அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அச்சிட்ட ஊர் எது, எச்சரிக்கை வாசகம் என்ன என்று பார்த்தே லேபிளின் காலத்தைக் கணித்துவிடுவார்கள். ஒரு வெடியில் 50 மில்லிகிராமுக்கு மேல் மருந்து இருக்கக்கூடாது என்று 1976இல் அங்கே விதி வந்தது. அந்த அளவு அச்சிட்டிருந்தால் லேபிள் அதற்குப் பிந்தியது என்று கண்டுகொள்வார்கள். கிழியாத, கறைபடாத காகிதத்துக்கு நல்ல விலை. டவுனிலிருந்து வந்த ஆசாமியும் அந்த வழிதான்.

சரி, லேபிளில் என்னென்ன எழுதியிருக்கிறது? கம்பெனியின் பெயர் இருக்கிறது. மார்க்கு இருக்கிறது. எந்த நாட்டுச் சரக்கு என்று இருக்கிறது. கையில் பிடித்துக் கொளுத்தாதே, பற்றவைத்ததும் விலகி நில் என்று வாங்குகிறவனுக்குப் புத்திமதியும் இருக்கிறது. அந்த வெடியை உருட்டியவர் யார், அவருக்கு யார் புத்திமதி சொன்னது? நாற்பது ஐம்பது லேபிளையும் புரட்டிப் பார்த்தோம். ஒன்றே ஒன்றைத் தவிர வேறெதிலும் அதற்குப் பதில் இல்லை.

அந்த ஒன்று சிவகாசி லேபிள். கடையில் வாங்கியதல்ல, கடிதத்தோடு வந்தது. பெரியவருடைய அண்ணன் குடும்பம் சாத்தூர்ப் பக்கம். அண்ணன் மகள் சிறுமியாய் இருந்தபோதே பட்டாசு வேலைக்குப் போனவள். ஒரு தீபாவளிக்குக் கடிதத்தில் அந்த லேபிளை மடித்து வைத்து அனுப்பியிருக்கிறாள். பின்பக்கத்தில் பென்சிலால், "சித்தப்பா, இந்தப் படம் ஒட்டுற வெடி நான் உருட்டுனது" என்று எழுதி, கீழே தன் பெயரையும் எழுதியிருக்கிறாள்.

டவுன்காரர் எல்லா லேபிளுக்கும் விலை சொன்னாராம். இதை மட்டும் தள்ளி வைத்துவிட்டாராம். "பின்னால கிறுக்கியிருக்கு பெரியவரே, இது போகாது" என்றாராம்.

தோழர்களே, நம்மைக் குத்தியது அந்த வார்த்தைதான்.

சிவகாசிக் கதை பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். மழை குறைந்த கரிசல் சீமை அது. 1920களில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் பழகி வந்தார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. லேபிள் அடிக்க அச்சகமும் வந்தது. நம் லயத்து வீடுகளில் தொங்கிய சாமிப்படக் காலண்டர்களுக்கும் அந்த ஊர் அச்சகங்கள்தான் பேர்போனவை.

தொழில் வளர்ந்தது. கூலி மட்டும் எண்ணிக்கைக் கூலியாக, இத்தனை குரோசுக்கு இவ்வளவு என்று நின்றது. ஒரு குரோஸ் என்றால் 144. எண்ணிக்கை கூடினால்தான் அடுப்பு எரியும் என்றால் வீட்டுப் பிள்ளையும் உட்காரத்தானே வேண்டும்? இந்திய அரசு 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் 14 வயது நிரம்பாதவர்களை வைக்கக்கூடாது என்றது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடத்தும் பட்டறைக்கு அந்தத் தடை இல்லை என்றும் அதே சட்டம் சொன்னது. வாசலை அடைத்துவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்த கதை! அபாயமான தொழிலில் 18 வயது வரை யாரையும் வைக்கக்கூடாது என்ற திருத்தம் வர 2016 ஆயிற்று.

சீனப் பட்டாசின் கதையும் வேறல்ல. மக்காவில் தைப்பா தீவு ஒரு காலத்தில் பட்டாசுக்குப் பேர்போன இடம். அங்கே திரி பின்னும் வேலை வீடுகளுக்குப் போனது. பின்னியவர்கள் பெண்களும் பிள்ளைகளும்தான். டிராகன் படம் போட்ட லேபிளுக்குப் பின்னாலும் இப்படி எத்தனை கைகளோ!

இது நம் தோட்டத்துக்குப் புரியாத கணக்கா? செக்ரோலில் பெயர் அப்பாவுக்கு. விடியலில் மங்கு துடைத்தது அம்மா. ஒட்டுப்பால் பொறுக்கியது பிள்ளை. சம்பளம் ஒரு பெயருக்கு, வேலை நாலு கைக்கு. ஏற்றுமதியான கித்தாக் கட்டில் தோட்டத்தின் முத்திரை இருந்தது. சீவியவன் பெயர் இருந்ததா?

பட்டாசுத் தொழிலில் இன்னொரு கணக்கும் உண்டு, உயிர்க் கணக்கு. மருந்து கலக்கும்போதும் செலுத்தும்போதும் ஓர் உராய்வு போதும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர், தீப்பிடித்ததைக் கண்டு உதவிக்கு ஓடிய அக்கம்பக்கத்து ஜனங்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1991 மே 7, நம் சுங்கை பூலோவை மறந்துவிட்டோமா? பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். சுற்றுவட்டாரத்து வீடுகளும் சிதைந்தன. அப்போது நாம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். அதன் பிறகு பட்டாசுத் தடை இறுகியது. "வெடி இல்லாத தீபாவளியா!" என்று நாம் அழுதோம். வேலைக்குப் போனவர் வீடு திரும்பாத குடும்பங்கள் இருக்கின்றன என்று அந்த வயதில் நமக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இப்போதாவது நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்கிறோமா?

"அட, இதெல்லாம் நமக்கெதுக்குய்யா? நம்ம சம்பளத்தைப் பத்தி எழுது" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. எழுதுகிறோம், நிறுத்தப் போவதில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். யார் செய்தார்கள் என்பது மறைந்துபோனால், அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்க ஆள் இருக்காது. தோட்டங்கள் வீட்டுமனையாகின்றன. லயம் இடிபடுகிறது, கோயில் இடம் மாறுகிறது. நாளைக்கு ஒருவன் பழைய உளியையும் மங்கையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'மலாயா ரப்பர் கத்தி' என்று சீட்டு ஒட்டி விலை சொல்வான். அதைப் பிடித்த கை நம் அம்மாவுடையது என்று அந்தச் சீட்டில் இருக்காது, நாம் எழுதி வைத்தாலொழிய!

ஆகவே நம்முடைய யோசனை இது. வீட்டில் பழைய லேபிளோ, சம்பளச் சீட்டோ, பற்றுப் புத்தகமோ, பள்ளிக்கூடப் படமோ இருந்தால் தூக்கி எறியாதீர்கள். காகிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த வருடம், யாருடையது, என்ன வேலை செய்தார்? நாலு வரி போதும். பேனா மை ஊறிவிடும், பென்சிலே நல்லது. கண் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

இன்னொன்று, இது முக்கியம். பெரியவரின் டின்னில் லேபிளுக்கு அடியில் நாலு பழைய வெடிகளும் கிடந்தன. மகன் முதல் சம்பளத்தில் வாங்கிய கட்டில் மிச்சமாம். மகன் இப்போது தூரத்தில் இருக்கிறான். அந்த ஞாபகத்துக்காக வைத்திருக்கிறார். நமக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் விடவில்லை. பழைய வெடி நமுத்துப் போயிருக்கும், ஒன்றும் செய்யாது என்று நினைப்பது தப்பு. பழைய சரக்கில் என்ன கலவை போட்டார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. குளோரேட் உப்போடு கந்தகம் சேர்ந்த கலவை என்றால் உராய்ந்தாலே பற்றும். அனுமதியில்லாமல் வெடிபொருள் வைத்திருப்பது 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றமும்கூட. "போலீசுல சொன்னா என்னைப் புடிச்சுப் போட்டுட்டா?" என்று பயந்தார். "நாங்க கூட வர்றோம், வாங்க பெரியப்பா" என்று ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், டின்னைத் தொடாமல் வீட்டிலேயே விட்டு வந்திருக்கிறோம் என்று சொன்னோம். அவர்களே ஆள் அனுப்பி வெடியை எடுத்துக்கொண்டார்கள். பெரியவரை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. உங்கள் வீட்டிலும் இருந்தால் பிரிக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். சொல்லிவிடுங்கள். பயமாக இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள்.

கடைசியில் லேபிளை விற்றாரா? விற்றார். பேத்திக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வேண்டியிருந்தது. டிராகனும் புலியும் கப்பலும் டவுனுக்குப் போயின. அதில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை. காகிதத்தைவிடப் பிள்ளையின் கால் பெரிது.

பின்பக்கம் 'கிறுக்கிய' லேபிள் மட்டும் டின்னில் இருக்கிறது. "அவ இப்ப இருக்காளா, இல்லையான்னுகூடத் தெரியல தம்பி. கடிதம் நின்னு ரொம்ப வருஷமாச்சு" என்றார். அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டோம். பேத்தி எழுதிக் கொடுத்தாள். சாத்தூர்ப் பக்கத்துத் தொழிற்சங்கத் தோழர்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறோம். பதில் வந்தால் இந்தப் பகுதியிலேயே எழுதுகிறோம்.