கஞ்சா மருந்து: அளவு யார் கையில்?

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப் பொருள் கமிஷனில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சா நீக்கப்பட்டது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. ஆதரித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கஞ்சாவுக்கு மருத்துவப் பயன் உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொண்டதே இதன் பொருள். தடை நீங்கிவிட்டது என்று கருதுவது தவறு.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் செடியின் பூ நுனியையும் பிசினையும் கட்டுப்படுத்துகிறது. தனியே பறித்த இலை அந்த விளக்கத்துக்குள் வராது. இலையைப் பற்றி முடிவு செய்வது மாநிலங்களின் பொறுப்பு. ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் லைசென்ஸ் பெற்ற பாங்குக் கடைகள் உண்டு. மகாராஷ்டிரத்திலோ 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஓர் ஊரில் கடையில் வாங்கிய பொருள், ரயில் ஏறி அடுத்த மாநிலம் சென்றால் வழக்காகலாம். பிழைப்புக்காக ஊர் மாறும் தொழிலாளி இதை மறக்கலாகாது.

டாக்டர் சீட்டின் பேரில் இலைச் சாற்று எண்ணெய் விற்கும் கம்பெனிகள் சில ஆண்டுகளாகத் தோன்றியுள்ளன. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கான நச்சுப் பொருள் அட்டவணையில் இச்செடி இடம் பெற்றுள்ளது. எனவே ‘மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும்’ என்ற எச்சரிக்கை லேபிளில் இருந்தாக வேண்டும்.

செடியிலுள்ள முக்கியச் சத்துகள் இரண்டு. டி.எச்.சி. போதை தரும், சி.பி.டி. தராது. அபூர்வ வகைக் குழந்தை வலிப்புக்கு 2018-இல் அமெரிக்கா அங்கீகரித்த சி.பி.டி. மருந்தின் அளவு கவனிக்கத்தக்கது. தொடக்கம் கிலோ எடைக்கு 2.5 மில்லிகிராம், தினம் இரு வேளை. ஒரு வாரத்துக்குப் பிறகே 5 மில்லிகிராம். 20 கிலோ குழந்தைக்கு வேளைக்கு 50 மில்லிகிராம், பிறகு 100. குறைவில் தொடங்கி மெல்ல ஏற்றுவதே முறை.

வாய்வழி உட்கொண்டது வேலை செய்ய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று மறுபடி குடிப்பவர்தாம் ஆபத்தில் சிக்குகிறார். தலைசுற்றல், படபடப்பு, மனக்குழப்பம் வரலாம். அந்நிலையில் இயந்திரத்தின் முன் நிற்பதும் வண்டி ஓட்டுவதும் விபத்துக்கு வழி. மதுவும் தூக்க மாத்திரையும் மயக்கத்தைக் கூட்டும். வலிப்பு மாத்திரையான வால்ப்ரோயேட்டுடன் சி.பி.டி. சேர்ந்தால் கல்லீரல் கெடலாம். ரத்தம் உறையாதிருக்கத் தரும் வார்ஃபரினுடன் சேர்ந்தால் ரத்தக் கசிவு நேரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மனநோய்க்கு ஆளானவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

ஆகவே சீட்டில் மருந்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. எத்தனை மில்லிகிராம், எத்தனை சொட்டு, எத்தனை வேளை, எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்க வேண்டும். ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளை டாக்டரிடம் மறைக்கலாகாது. அளவைக் கேட்பது அவமரியாதை அல்ல, நோயாளியின் உரிமை.