தேய்மானம் இல்லாத தோசைக்கல்

மேஜையோ மெஷினோ, வாங்கிய நாளிலிருந்து தேய்மானம் எழுதச் சொல்கிறது கணக்குப் பாடம். பாட்டி காலத்து இரும்பு தோசைக்கல் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. எண்ணெய் காய்ந்து படலமாகப் படிவதால், பழகப் பழகத்தான் அதில் தோசை ஒட்டாமல் வரும்.

எவர்சில்வர் வந்தபோது பல வீட்டுப் பித்தளையும் வெண்கலமும் எடைக்குப் போயின. இன்று அவற்றையே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பேரம் பேசி வாங்குகிறார்கள். வாங்கி? ஷோகேஸில் தூங்க வைக்கிறார்கள்!

சேகரிப்பது பாதி சந்தோஷம்தான். மீதி சமைப்பதில் இருக்கிறது. பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசாமல் புளி சேர்க்கக் கூடாது. ஈயச்சொம்பில் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். இதெல்லாம் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாத்திரம் கடையில் கிடைக்கும், பக்குவம் கிடைக்காது.