வலிப்புன்னாலே கை, கால் இழுக்குமா? எதனால் தூண்டப்படுகிறது?

வகுப்பில் ஒரு குழந்தை பத்து விநாடி அப்படியே வெறித்துப் பார்க்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. பிறகு எதுவுமே நடக்காத மாதிரி எழுதத் தொடங்குகிறது. 'கவனம் எங்கே இருக்கு?' என்று திட்டு விழும். ஆனால் இதுவும் வலிப்பாக இருக்கலாம். 'அப்சென்ஸ்' வகை. ஒரே நாளில் பல முறை வரும்.

மூளை நரம்பு செல்களின் மின் செயல்பாடு திடீரென கட்டுமீறுவதுதான் வலிப்பு. ஒரு பகுதியில் மட்டும் தொடங்கினால் 'ஃபோகல்': ஒரு கை மட்டும் துடிக்கலாம், இல்லாத வாசனை தெரியலாம். நாம் சினிமாவில் பார்க்கிற, உடல் விறைத்து வெட்டி இழுப்பது 'டானிக்-குளோனிக்'.

தூண்டுவது எது? டாக்டர் முதலில் கேட்பது, 'மாத்திரையை விட்டுட்டீங்களா?' என்றுதான். 'ஆறு மாசமா வரலையே' என்று தானாக நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் சிக்கல். தூக்கம் கெடுவது, காய்ச்சல், மது, குடிப்பழக்கத்தைத் திடீரென நிறுத்துவதும்கூட காரணமாகலாம்.

மின்னும் வெளிச்சம்? 1997 டிசம்பர் 16-ல் ஜப்பானில் போக்கிமான் பார்த்த சுமார் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய காட்சிதான் காரணம். சிலருக்கு அதுதான் முதல் வலிப்பு. ஆனால், வலிப்பு நோயாளிகளில் 100-க்கு 3 பேர் அளவுக்கே வெளிச்சத்தால் பாதிப்பு. எல்லோரும் டிவியை அணைக்க வேண்டியதில்லை.

சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் வலிப்பு நிற்காது. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே அடங்கும். வாயில் எதையும் வைக்காதீங்க. ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பாருங்க. 5 நிமிடம் தாண்டினால் உடனே 108.