துலாவும் ஒரு பாடம்

பொறியியல் பல்கலைக்கழகத்திலேதான் தொடங்குவதென்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அன்று, அது பள்ளிப் பருவத்திலேயே கைக்கு வரவேண்டிய கலை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியியலாளர் அரவிந்த் குப்தா, கழிவுப் பொருள்களாற் செய்யும் விளையாட்டுக் கருவிகளைப் படம்பிடித்து இணையத்தில் இலவசமாக வழங்கியுள்ளார். தமிழ் விளக்கமுள்ள படங்களும் உண்டு. 2018இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஆனால், பார்த்தல் வேறு, செய்தல் வேறு. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் நம் முன்னோர் துலா மிதித்தே தோட்டத்துக்கு நீர் இறைத்தனர். ஆடுகாலைப் பொறுதியாகக் கொண்ட நெம்புகோலே அத்துலா. மிதிப்பவர் முன்னும் பின்னும் நடக்க, பட்டை இறங்கி ஏறிற்று.

ஒரு தடியும் கயிறும் சிறு பேணியும் கொடுத்து, பிள்ளைகளை அதன் மாதிரியைச் செய்யவிடுவோம். பொறுதியை நகர்த்தும்போது எத்தனம் மாறுவதைத் தம் கையாலேயே அவர்கள் உணர்வர். துலா மிதித்த பாட்டனார் வீட்டிலிருந்தால், அவரே முதல் ஆசிரியர்.