சிமெண்ட் வரி குறைஞ்சும் எஸ்டிமேட் ஏன் குறையலை? பழைய வீட்டைப் புதுப்பிக்க பட்ஜெட் போடுவது எப்படி?

சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டு 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்தது. 'இனி வீட்டு வேலையை ஆரம்பிச்சுடலாம்'னு அப்போது முடிவெடுத்த குடும்பங்கள் ஏராளம். ஆனா மேஸ்திரியைக் கூப்பிட்டு எஸ்டிமேட் கேட்டவங்களுக்கு அதிர்ச்சிதான். தொகை குறையலை. பல இடங்களில் போன வருஷம் சொன்னதைவிட கூடுதலா இருக்கு.

வரி குறைஞ்சது உண்மை. அப்புறம் ஏன் செலவு குறையலை? கையில் இருக்கிற பணத்தில் எந்த வேலையை முதலில் செய்யணும்? எதைத் தள்ளிப் போடலாம்? எதைத் தள்ளிப் போடவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சிமெண்ட் வரிக் குறைப்பால் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 28 சதவீத வரியோடு ஒரு மூட்டை 380 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரியைக் கழித்தால் அடக்க விலை சுமார் 297 ரூபாய். இதற்கு 18 சதவீத வரி போட்டால் 350 ரூபாய். ஆக, மூட்டைக்கு 30 ரூபாய் குறையணும். நிறுவனமும் டீலரும் அடக்க விலையை ஏற்றாமல் இருந்தால் மட்டுமே இது நம் கைக்கு வரும்.

புதுசா வீடு கட்டுறவங்களுக்கு நூற்றுக்கணக்கான மூட்டை தேவை. அவங்களுக்கு இது பெரிய தொகை. ஆனா இரண்டு பாத்ரூம், ஒரு சமையலறை, தரை, பெயிண்ட் என்று ஒரு பழைய வீட்டைச் சரிசெய்ய 40 மூட்டை பிடித்தால், மொத்த மிச்சம் 1,200 ரூபாய்தான்.

புதுப்பிக்கும் வேலையில் சிமெண்டின் பங்கு ரொம்பச் சின்னது என்பதுதான் விஷயம். பணம் போவது கூலி, டைல்ஸ், குழாய் சாமான், வயர், பெயிண்ட் ஆகியவற்றில். இந்தப் பொருட்களுக்கு ஏற்கெனவே 18 சதவீதம்தான் வரி. அதில் மாற்றம் எதுவும் இல்லை.

மற்ற பொருட்களின் விலை ஏன் ஏறுது?

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கு.

வயர்: வீட்டு வயரிங்கின் உயிர்நாடி செம்பு. லண்டன் உலோகச் சந்தையில் 2025 டிசம்பரில் செம்பு விலை முதல்முறையாக டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. மின்சார வாகனம், டேட்டா சென்டர் என்று எல்லாரும் செம்பைத் தேடுறாங்க. இன்னொரு பக்கம், இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் சுரங்கத்தில் 2025 செப்டம்பரில் நடந்த விபத்தால் வரத்தும் குறைஞ்சது. இதன் சூடு நம்ம ஊர் எலக்ட்ரிக்கல் கடை வரைக்கும் வருது.

எம்-சாண்ட், ஜல்லி: 2023 செப்டம்பரில் அமலாக்கத்துறை சோதனை நடத்தியதற்குப் பிறகு தமிழகத்தில் அரசு ஆற்று மணல் குவாரிகள் முடங்கின. கட்டுமானம் முழுக்க எம்-சாண்டை நம்பி நிற்குது. 2025 ஏப்ரல் 4 முதல் கனிமங்கள் உள்ள நிலத்துக்கான புதிய வரி அமலானது. குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், விலையும் எகிறியது. அரசு பேச்சுவார்த்தை நடத்திய பிறகே நிலைமை ஓரளவு தணிந்தது.

கூரைத் தகடு: இறக்குமதியாகும் தட்டை வகை எஃகுக்கு மத்திய அரசு 2025 ஏப்ரலில் 12 சதவீதப் பாதுகாப்பு வரி விதித்தது. மொட்டை மாடியில் ஷீட் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது இது. கட்டுமானக் கம்பி இந்த வரிக்குள் வராது.

டைல்ஸ்: இந்தியாவின் டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில்தான். அங்குள்ள சூளைகள் எரிவாயுவில் ஓடுகின்றன. எரிவாயு விலை, லாரி வாடகை இரண்டும் சேர்ந்துதான் இங்கே சதுர அடி விலையாகிறது.

கூலி: பழைய வீட்டு வேலையில் செலவு கைமீறுவது பெரும்பாலும் இங்கேதான். புதுக் கட்டடத்தில் நேராகச் சுவர் எழுப்பலாம். பழைய வீட்டில் உடைக்கணும், அள்ளணும், உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துப் பார்த்து வேலை செய்யணும். அதனால் சதுர அடிக் கணக்கில் சொல்லும் தொகையை வைத்து பழைய வீட்டுக்குப் பட்ஜெட் போடவே முடியாது.

எந்த வேலை முதலில்?

பணம் குறைவா இருக்கும்போது பெரும்பாலான வீடுகளில் முதலில் செய்வது பெயிண்டும், ஹாலுக்குப் புது டைல்ஸும். காரணம், கண்ணுக்குத் தெரிவது அதுதான். ஆனா கணக்குப்படி வரிசையே வேறு.

முதலில் தண்ணீர். மொட்டை மாடி ஒழுகல், பாத்ரூம் கசிவு, சுவரில் ஓதம். இவை அழகுப் பிரச்னை மட்டும் கிடையாது. கான்கிரீட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, கம்பியைவிட அதிக இடத்தை அடைக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்து, சிலாப்பின் அடிப்பாகம் பெயர்ந்து விழும். தூங்குபவர் தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. மாடியில் தட்டோடுகளின் இடுக்கைப் பூசி, நீர்க்காப்பு செய்யும் செலவு இன்று சில ஆயிரங்கள். அதையே ஐந்து வருஷம் தள்ளிப் போட்டால் சிலாப்பையே மாற்றுகிற நிலை வரலாம். ஏற்கெனவே கம்பி வெளியே தெரிந்தால் மேல்பூச்சு பூசி மறைக்காதீங்க. ஒரு கட்டுமானப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்க.

இரண்டாவது மின்சாரம். 25, 30 வருஷத்துக்கு முன் போட்ட வயரிங், நாலு லைட், மூணு ஃபேன், ஒரு டிவியை மனசில் வைத்துப் போட்டது. இன்று அதே வயரில் ஏசி, கீசர், வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஓடுது. செம்பு விலை ஏறிவிட்டது என்று இதைத் தள்ளிப் போடுவது ஆபத்து. வீடு முழுக்க மாற்றப் பணம் இல்லையா? ஏசிக்கும் கீசருக்கும் மட்டும் தனி லைன், சரியான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி. இந்த மூன்றையும் இப்போது செய்யலாம்.

மூன்றாவது குழாய். டைல்ஸ் ஒட்டிய பிறகு குழாய் ஒழுகினால் புது டைல்ஸை உடைக்கணும். பழைய இரும்புக் குழாய் இருந்தால் டைல்ஸ் போடுவதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

தரை, ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், பெயிண்ட் எல்லாம் இதற்குப் பிறகுதான். அவை ஒரு வருஷம் காத்திருந்தாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

5 லட்ச ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்?

ஒரு மாதிரிக் கணக்கு. இரண்டு பெட்ரூம் வீடு, கையில் 5 லட்சம் ரூபாய். கூலிக்கு 1.75 லட்சம், டைல்ஸ் மற்றும் பாத்ரூம் சாமான்களுக்கு 1 லட்சம், மின்சாரப் பொருட்களுக்கு 50 ஆயிரம், பெயிண்டுக்கு 50 ஆயிரம், குழாய் மற்றும் நீர்க்காப்புக்கு 40 ஆயிரம், சிமெண்ட், மணலுக்கு 35 ஆயிரம். மீதி 50 ஆயிரத்தைத் தொடவே கூடாது.

அந்த 50 ஆயிரம் எதற்கு? பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அரித்த குழாய், உளுத்த நிலைக்கதவு, எர்த் இல்லாத வயர் என்று ஏதாவது ஒன்று வரும். அதனால் மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் தனியா இருக்கணும். 5 லட்சம் இருந்தால் 4.5 லட்சத்துக்குத்தான் வேலையைத் திட்டமிடணும். பாதியில் பணம் தீர்ந்து, உடைத்த பாத்ரூமோடு நிற்கும் வீடுகள் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில் தவறியவைதான்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

அளவை நீங்களே எடுங்க. 6-க்கு 8 அடி பாத்ரூமில் தரை 48 சதுர அடி. சுவர் சுற்றளவு 28 அடி. ஏழு அடி உயரத்துக்கு ஒட்டினால் 196 சதுர அடி, கதவைக் கழித்தால் சுமார் 178. மொத்தம் 226. வெட்டும் சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 250 சதுர அடி. கடையில் சதுர அடிக்கு 20 ரூபாய் கூடுதலான டைல்ஸைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பாத்ரூமுக்கே 5,000 ரூபாய் ஏறும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் ஷோரூம் விளக்கு வெளிச்சத்தில் மயங்க மாட்டோம்.

இருப்பதைக் காப்பாற்றுங்க. பழைய மொசைக் தரையை உடைத்து டைல்ஸ் போடுவதைவிட பாலிஷ் போடுவது மலிவு. உடைக்கும் கூலி, ரப்பிஷ் அள்ளும் வண்டி வாடகை இரண்டுமே மிச்சம். பழைய தேக்குக் கதவு, ஜன்னலைத் தூக்கிப் போட்டுவிட்டு ரெடிமேட் கதவு மாட்டுபவர்கள் உண்டு. இழைத்து வார்னிஷ் அடித்தால் அதுவே இன்னும் பல வருஷம் நிற்கும்.

இடம் மாற்றாதீங்க. டாய்லெட்டையும் சமையலறை சிங்க்கையும் இருக்கும் இடத்திலேயே வையுங்க. அவற்றை நகர்த்தினால் கழிவுநீர்க் குழாய், தரை மட்டம், நீர்க்காப்பு என எல்லாமே மாறும்.

விலை ஏறும்னு எல்லாத்தையும் முன்கூட்டியே வாங்கலாமா?

கூடாது. சிமெண்டை மூணு மாசத்துக்கு மேல் வைத்திருந்தால் வலிமை குறையும். வாரா வாரம் தேவைக்கு வாங்குவதே சரி. வயர், ஸ்விட்ச், குழாய் சாமான் கெட்டுப் போகாது. விலை படியும்போது வாங்கி வைக்கலாம். டைல்ஸை மட்டும் ஒரே தடவையில், ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்க. அடுத்த பேட்சில் நிறம் லேசாக மாறும். ஒரு பெட்டி கூடுதலா வாங்கி பரணில் போட்டு வைத்தால், பின்னால் ஒன்று உடைந்தாலும் கவலையில்லை.

நேரமும் பணம்தான். மாடி நீர்க்காப்பு, வெளிப்பூச்சு, வெளி பெயிண்ட் வேலைகளை பொங்கலுக்குப் பிறகு தொடங்கி கோடைக்குள் முடிப்பது நல்லது. ஐப்பசியில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழையில் பாதி நாள் வேலை நிற்கும். நாள் கூலிக்கு ஆள் வைத்திருந்தால் அந்த நாட்களில் சம்பளப் பேச்சு வேறு வரும்.

கடன் வாங்கலாமா?

தண்ணீர், மின்சாரம், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலை என்றால் வாங்கலாம். அழகுக்காக என்றால் சேர்த்து வைத்துச் செய்வது நல்லது. ரிசர்வ் வங்கி 2025-ல் ரெப்போ விகிதத்தை 6.50 சதவீதத்தில் இருந்து 5.25 சதவீதமாகக் குறைத்திருப்பதால் வீட்டுக் கடன் வட்டி கொஞ்சம் இறங்கியிருக்கு.

5 லட்ச ரூபாயை 14 சதவீதத் தனிநபர் கடனாக 5 வருஷத்துக்கு வாங்கினால் வட்டி மட்டும் சுமார் 1.98 லட்சம். ஏற்கெனவே வீட்டுக் கடன் இருப்பவர்கள் அதிலேயே 9 சதவீதத்தில் டாப்-அப் வாங்கி 5 வருஷத்தில் அடைத்தால் வட்டி சுமார் 1.23 லட்சம். 75 ஆயிரம் ரூபாய் வித்தியாசம். ஆனா அதே டாப்-அப்பை 'இஎம்ஐ 5 ஆயிரம்தானே' என்று 15 வருஷத்துக்கு இழுத்தால் வட்டி 4.13 லட்சமாகிவிடும். வட்டி விகிதத்தைப் பார்க்கிற அளவுக்கு வருஷக் கணக்கையும் பார்க்கணும். மாறும் வட்டியில் தனிநபர்கள் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது.

பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், தாங்கள் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக்கு வாங்கிய கடனின் வட்டியில் ஆண்டுக்கு 30 ஆயிரம் ரூபாய் வரை கழிவு பெறலாம். புதிய முறையில் இது இல்லை.

கிராமப்புறத்தில் 2000-01-க்கு முன் அரசுத் திட்டத்தில் கட்டிய வீடு என்றால், கடனுக்கு அலைவதற்கு முன், ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கும் தமிழக அரசின் திட்டம் பற்றி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரிங்க.

அனுமதி தேவையா?

பெயிண்ட், பூச்சு, தரை மாற்றுவது போன்ற வேலைகளுக்குத் திட்ட அனுமதி வேண்டாம். கூடுதல் அறையோ மாடியோ எழுப்பினால் கட்டாயம் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்க. அங்கே சுவரை இடிப்பதாக இருந்தால், அது பாரம் தாங்கும் சுவரா என்று பொறியாளரிடம் கேட்காமல் சுத்தியலை எடுக்க வேண்டாம்.

மேஸ்திரியிடம் என்ன பேசணும்?

வாய் வார்த்தையில் ஆரம்பிக்கும் வேலை, மனக்கசப்பில் முடிய வாய்ப்பு அதிகம். ஒரு தாளில் எழுதினாலே போதும். எந்தெந்த வேலை, கூலி மட்டுமா பொருளோடு சேர்த்தா, எந்த பிராண்ட், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, ரப்பிஷ் அள்ளுவது யார் பொறுப்பு, எத்தனை நாளில் முடியும். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்க. கடைசித் தவணையை, பாத்ரூம் தரையில் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விட்டு, கீழே கசியவில்லை என்று பார்த்த பிறகு கொடுங்க.

இடையில் 'இதையும் சேர்த்துச் செஞ்சுடலாமே' என்ற பேச்சு வீட்டிலிருந்தே வரும். ஒவ்வொன்றும் பத்தாயிரம், பதினைந்தாயிரம்தான். ஆனா அந்தப் பணம் ஒதுக்கி வைத்த அந்த 50 ஆயிரத்தில் இருந்துதான் போகும். அதைக் காலி செய்வதற்கு முன் மொட்டை மாடிக்கு ஒரு தடவை ஏறிப் பார்த்துட்டு வாங்க. அங்கே வேலை பாக்கி இருந்தால், ஃபால்ஸ் சீலிங் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.