குரல் சிறிதா, அளவு சிறிதா?

நம் கல்லூரியில் பாடும் நண்பர்கள் பலர் இன்று வீட்டு அறையிலேயே ஒலிப்பதிவு செய்கின்றனர். ஒரு மைக், ஒரு கணினி, இரண்டையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டி, இவ்வளவே கூடம். பதிவு மெலிதாக ஒலித்தால் உடனே கிடைக்கும் தீர்ப்பு, “உனக்குக் குரல் போதாது, உரக்கப் பாடு” என்பதுதான். இத்தீர்ப்பு பெரும்பாலும் தவறு என்பதே என் துணிபு.

ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா கடைசி வரிசைக்கும் எட்டும்படி உச்சத்தில் பாட வேண்டியிருந்தது. 1925-இல் மைக் வழியான மின் ஒலிப்பதிவு இசைத்தட்டு உலகுக்கு வந்தபின் மெல்லப் பாடுவதும் கலையாயிற்று. ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும் அதனாலன்றோ நம் நெஞ்சில் நின்றனர்? அந்த மைக்கின் முன் நின்று கத்தச் சொல்வது என்ன நியாயம்?

முதலில் தொலைவைப் பாருங்கள். ஒரு சாண் தொலைவில் பாடியவர் இரு சாணுக்கு விலகினால் அளவு ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். அதாவது மைக்கை எட்டும் ஒலியழுத்தம் பாதியாகும். சில மைக்குகள் பக்கவாட்டில்தான் குரலை வாங்கும். அவற்றின் உச்சியைப் பார்த்துப் பாடுவோர் உண்டு. கண்டன்சர் மைக்காயின் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானை அழுத்த வேண்டும். டைனமிக் மைக்குக்கு அது வேண்டா. ஆனால் அதன் மின்குறி மிகச் சிறியது. புகழ்பெற்ற ஷூர் எஸ்.எம். 7பி போன்றவை 60 டெசிபெல் அளவுக்குப் பெருக்கம் கேட்கும்.

எல்லாவற்றினும் விந்தையானது ஒன்று. சிலர் இன்டர்ஃபேஸ் இன்றி, மூன்று முள் மைக் கேபிளை ஒரு மாற்றி வழியே கணினியின் 3.5 மி.மீ. துளையில் செருகுவர். அக்கேபிளில் ஒரே குறி இரு கம்பிகளில் நேர்மாறாக ஓடுகிறது. மாற்றி ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் அனுப்பிவிட்டால், ஹெட்போனில் பாட்டுக் கேட்கும். ஒற்றை ஒலிபெருக்கியுள்ள செல்பேசியில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடியவர் குரலே காணாமற் போகும்! பதிவாகிவிட்டதெனில் இரு பக்கங்களில் ஒன்றை நீக்கி, மற்றதை நடுவில் வைத்தால் குரல் மீளும்.

இதற்கு மறுதலையாக, சிவப்பு விளக்கு எரியும்வரை கெயின் திருகுவோரும் உளர். நாடாப் பதிவுக் காலத்தில் நாடாவின் இரைச்சலை மூட அளவை உயர்த்திப் பதிந்தனர். அதற்குக் காரணம் இருந்தது. 24 பிட் பதிவில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லில் நின்றாலே போதும், பிறகு உயர்த்திக்கொள்ளலாம். பூச்சியத்தைத் தாண்டி வெட்டுண்ட குரலுக்குத்தான் முழு மருந்து இல்லை. மின்விசிறி இரைச்சலையும் கெயின் வெல்லாது. குரலும் விசிறியும் சேர்ந்தே ஏறும். மைக்குக்கு நெருங்கி வருவதும், பாடும்வரை விசிறியை நிறுத்துவதுமே வழி. (வியர்வையைப் பொறுத்தருள்க.)

கலைப் போட்டிகளுக்குப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் மன்றத்தாரிடம் ஒரு விண்ணப்பம். திரைப்பாடல்கள் பதிவுக்குப் பின் நெருக்கி உயர்த்தப்பட்டே நம் காதுக்கு வருகின்றன; வீட்டுப் பதிவை அவற்றோடு ஒப்பிடுவது பொருந்தாது. எல்லாப் பதிவுகளையும் ஒரே அளவுக்குக் கொணர்ந்து கேட்டபின் நடுவர்கள் மதிப்பெண் இடட்டும். இலவச மென்பொருளிலேயே இது சில நிமிட வேலை.