கொதிக்க வைத்தால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை என் பழைய மாணவி ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். "சேர், கிணத்துத் தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் பால்மா கரைக்கிறன். பிரச்சினை இல்லத்தானே?" சும்மா தலையாட்டி அனுப்ப மனம் வரவில்லை.

கற்பிட்டியில் நமக்கு ஆறு இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவே மணலுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் மழைநீர்தான் நம் கிணறு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் யூரியா, பயிர் எடுத்தது போக அந்த மணலில் இறங்கி நைத்திரேற்றாக நிற்கிறது. 1990இல் அகதிகளாக வந்தவர்களும் ஊரவர்களுமாகச் சின்னக் காணித்துண்டுகளில் நெருங்கி வாழ்கிறோம். கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலசலகூடக் குழி.

கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டென்று ஆய்வுகள் பல தடவை சொல்லிவிட்டன. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு உடல் நீலம் பாரிப்பது இதனாலும் வரலாம்.

தொழிற்சாலை என்றால் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததற்கு 2019இல் உயர் நீதிமன்றம் மின்நிலையக் கம்பனியை 2 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அங்கே கை காட்ட ஒரு கம்பனி இருந்தது. இங்கே தோட்டம் செய்பவர் என் மாமா, குழி வெட்டியவன் நான். யாரைக் கூண்டில் ஏற்றுவது? 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீர்வளச் சபை இருக்கிறது. நீர் வழங்கல் சபை தன் குழாய்த் தண்ணீரைப் பரிசோதிக்கும். வீட்டுக் கிணறு யாருடைய மேசையிலும் இல்லை.

2000களின் தொடக்கத்தில் நீர்ச் சட்டம் கொண்டுவரப் பார்த்தபோது, தண்ணீருக்கும் வரியா என்று நாடே எதிர்த்தது. அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் வரியோடு சேர்த்துப் பாதுகாப்பையும் தூக்கி எறிந்துவிட்டோம்.

பசளையை நிறுத்தச் சொல்லவில்லை, 2021இல் பட்டது போதும். மழைக்கு முன்னும் பின்னும் கிணறுகளைப் பரிசோதித்து, முடிவைப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் சேர்ச்சிலும் ஒட்டட்டும். குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி வைக்கப் பிரதேச சபை உபவிதி இயற்றலாம், 1987ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது.

அந்தப் பிள்ளையிடம், பால்மாவுக்கு மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணீர் வாங்கு என்றேன். கைக்குழந்தை உள்ள வீட்டார் இன்பொக்ஸில் சொல்லுங்கள். கிணறுகளின் பட்டியலோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போவோம்.